கொற்கைப் பக்கம் கேட்ட அந்நிய பாஷை

மலேசியாவில் ஈப்போ நீதிமன்றத்தில் மலாய்க்கும் தமிழுக்கும் நடுவே நின்று பேசுவது என் வேலை. சாட்சி தமிழில் சொல்வதை நீதிபதிக்கு மலாயில் சொல்வேன். நீதிபதி கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்வேன். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சாட்சி அழுதாலும் நான் அழக்கூடாது. இந்த வேலைக்கும் திருநெல்வேலிப் பக்கத்து பெந்தெகொஸ்தே சபை ஒன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று என் மகன் கேட்டான். நான் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே இருந்தேன்.

எல்லாம் ஒரு வாட்ஸ்அப் ஒலிப்பதிவில் தொடங்கியது. அனுப்பியவள் லீலா, வண்ணார்பேட்டையில் இருக்கும் என் ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் டேனியலின் மனைவி. கொற்கையை அடுத்த ஒரு கிராமத்தில் லீலாவின் அக்கா ரோஸ்மேரி போகும் சபை இருக்கிறது. அங்கே ஞானப்பூ என்ற பெண் அந்நிய பாஷை பேசுகிறார். பரிசுத்த ஆவி நிறைந்தவர் தான் கற்காத மொழியில் பேசுவார் என்பது அந்தச் சபைகளின் நம்பிக்கை. பேசுவது ஒரு வரம். அதற்குப் பொருள் சொல்வது இன்னொரு வரம். மலேசியாவில் உணவகத்தில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் ஞானப்பூ பேசுவதைக் கேட்டுவிட்டு, இது மலாய் மாதிரி இருக்கிறதே என்று சொல்லியிருக்கிறார்.

பதிவில் கைதட்டலும் டிரம் ஓசையும்தான் நிறைய. திரும்பத் திரும்பக் கேட்டதில் ஒரே ஒரு சொல் தெளிவாக விழுந்தது. ஜாஙான். மலாயில் ‘வேண்டாம், செய்யாதே’ என்று பொருள்.

லீலா சும்மா அனுப்பவில்லை. ஞானப்பூவின் பாஷைக்குத் தேவசகாயம் என்பவர் பொருள் சொல்கிறார். உடன்குடிக்காரர், கருப்பட்டி வியாபாரி. சில வாரங்களுக்கு முன் ‘மந்தையை விட்டுப் போகாதே’ என்று அவர் சொன்ன பொருளைக் கேட்டு, ரோஸ்மேரி தன் மகள் பெனிட்டாவை அயர்லாந்தில் கிடைத்த நர்ஸ் வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். வேலையில் சேர வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. “அக்கா, நீங்க ஒரு தடவ வந்து காதால கேட்டுச் சொல்லிருங்க,” என்றாள் லீலா. எனக்கு விடுமுறை இருந்தது. அதைவிடப் பெரிய காரணம், ஆவல்.

சனிக்கிழமை மதியம் திருநெல்வேலி வந்து சேர்ந்தேன். என் தாத்தா காலத்தில் பாளையங்கோட்டையை விட்டுப் போன குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவள் என்ற நினைப்பில், ஆட்டோக்காரரிடம் உரிமையாக, “பசியாறிட்டீங்களா?” என்று கேட்டேன். அவர் கண்ணாடியில் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார். “நீங்க காயல்பட்டணமா? அந்தப் பக்கத்து பாய்மாருதான் பசியாறன்னு சொல்லுவாவ,” என்றார். மலேசியாவில் தமிழர்கள் எல்லோருமே அப்படித்தான் சொல்வோம் என்றேன். பாலம் ஏறி இறங்கும்வரை அதைப் பற்றியே யோசித்தவர், “அப்ப எங்கேயோ சேந்துதான் போயிருக்கீய எல்லாரும்,” என்று முடித்தார்.

அன்று டேனியல் வீட்டில் சொதியும் இஞ்சிப் பச்சடியும். தேங்காய்ப்பாலில் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் மிதக்கும் சொதியைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடும்போது, எங்கள் ஊரில் லெமாக் என்று சொல்லும் தேங்காய்ப்பால் குழம்பின் சித்தப்பா வீட்டுப் பிள்ளை இது என்று தோன்றியது. டேனியல் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறான். பழைய மிஷன் கோயிலில் ஆர்கன் இசையோடு ஆராதித்து வளர்ந்தவன். “அது வெறும் சத்தம் அக்கா. நீங்க இதுக்காக இவ்வளவு தூரம் வந்ததே எனக்கு வெக்கமா இருக்கு,” என்றான். “சத்தம்தான்னா சத்தம்னு சொல்லிட்டுப் போறேன்,” என்றேன்.

ஞாயிறு காலையில் லீலாவும் நானும் பேருந்தில் கிளம்பினோம். ஆற்றை ஒட்டி ஓடுகிற சாலை. ஒரு பக்கம் வாழை, மறு பக்கம் நெல். ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் முன்சக்கரத்தில் காற்று இறங்கிப் பேருந்து சாலையோரத்தில் நின்றுவிட்டது. ஓட்டுநரும் நடத்துநரும் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். “லே, பைய முடுக்கு,” என்று ஒருவர் மேற்பார்வை பார்த்தார். அவர் பயணிதான். நாங்கள் வேறு மினிபஸ் பிடித்து ஏரலில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது ஆராதனை தொடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது.

தகரக் கூரை போட்ட நீளமான கூடம். பாயில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். பெண்கள் எல்லோரும் வெள்ளைச் சேலை, காதிலும் கழுத்திலும் ஒன்றும் இல்லை. என் தங்கக் கம்மலை மறைக்க முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டேன். ஒரு பெண் கண்ணால் சிரித்துப் பாயில் இடம் விட்டாள். பாட்டு முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபித்தார்கள். ஈப்போவில் எங்கள் கோயிலில் ஒருவர் இருமினால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே இடி இடித்தாலும் கேட்காது.

அந்த ஓசை பைய அடங்கியது. அடங்கிய இடத்திலிருந்து ஒரே ஒரு குரல் மேலே வந்தது. முன்வரிசையில் முழங்காலிட்டிருந்த, அறுபதைத் தாண்டிய மெலிந்த பெண். கண்கள் மூடியிருந்தன. வலக்கையைக் குறுக்கே ஆட்டியபடி பேசினார்.

பாதிக்கு மேல் எந்த மொழியும் இல்லை. லாலா என்றும் ரபா என்றும் உருண்டோடும் ஒலிகள். அவற்றின் நடுவே, ஓடும் தண்ணீரில் கல் தெரிவதுபோல், சொற்கள். “மாரி மாசோக்... மாரி... ஜாஙான் மாயின் ஆயர்... மாரி மாக்கான் நாசி, சாயாங்...”

அது மலாய்தான். பள்ளிக்கூட மலாயும் இல்லை, சந்தை மலாயும் இல்லை. எங்கள் பேராக் மாநிலத்துக் கிராமத்தில் சின்னக் குழந்தையிடம் பேசும் இழுவையான மலாய். வா, உள்ளே வா. தண்ணீரில் விளையாடாதே. சோறு சாப்பிட வா, கண்ணு.

அவர் ஓய்ந்ததும் ஆண்கள் பக்கத்திலிருந்து நரைத்த மீசை வைத்த ஒருவர் எழுந்தார். அவர்தான் தேவசகாயம் அண்ணாச்சி என்று லீலா காதில் சொன்னாள். அவர் கண்ணை மூடித் தெளிவாகச் சொன்னார்: “பின்மாரி வருது. மாரி, மாரின்னு கர்த்தர் சொல்லுதார். ஆயரை விட்டு விலகாதே. மந்தையை விட்டுப் போகாதே.” கூடம் முழுக்க ஸ்தோத்திரம் என்றது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ரோஸ்மேரி தலையை ஆட்டி ஆட்டி அழுதாள். அவள் மகள் பெனிட்டா அழவில்லை. பாயின் கோரையை நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஞானப்பூ சொன்ன ‘மாரி’ மலாயில் ‘வா’. இவர் காதில் அது தமிழ் மாரி, மழை. ‘ஆயர்’ மலாயில் தண்ணீர். இவர் காதில் அது மேய்ப்பர். குறுக்கே ஆடிய கையைப் பார்த்து ‘வேண்டாம்’ என்பதை மட்டும் சரியாகப் பிடித்திருந்தார். அந்த மனிதர் எதையும் இட்டுக்கட்டவில்லை. தமிழ்க் காதால் கேட்டிருந்தார், அவ்வளவுதான்.

ஆராதனைக்குப் பிறகு, லீலா வழியாக விஷயம் அறிந்திருந்த போதகர் ஐசக் என்னை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார். நாற்பது வயது இருக்கலாம். லாரி மெக்கானிக்காக இருந்து போதகர் ஆனவர். மொழி மலாய்தான் என்றதும் முகம் மலர்ந்தது. பொருளைச் சொன்னதும் வாடியது. மண்ணைச் செருப்பால் கீறிக்கொண்டே பேசினார்.

“வேதத்துல பவுல் இதப் பத்தி விவரமாச் சொல்லிருக்காரு சகோதரி. சபையில அந்நிய பாஷை பேசுனா ஒருத்தர் அர்த்தம் சொல்லணும். சொல்ல ஆளில்லன்னா சபையில அமைதியா இருந்து, தனக்கும் தேவனுக்கும் மட்டும் பேசிக்கிடணும். எங்களுக்கு அர்த்தம் சொல்ல அண்ணாச்சி இருந்தாவ. அதனால நான் விட்டுட்டேன். சொல்லுதத மத்தவங்க நிதானிச்சுப் பாக்கணும்னும் இருக்கு. அத நான் செய்யல.”

“இப்ப என்ன செய்யப் போறீங்க?”

“வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல நீங்க எல்லார் முன்னாலயும் சொல்லணும்.”

நான் ஒரு நிபந்தனை வைத்தேன். அந்தச் சொற்கள் ஞானப்பூவுடையவை. அவரிடம் சொல்லாமல் ஊரிடம் சொல்ல மாட்டேன். போதகரும் ஒன்று சேர்த்துக்கொண்டார். அண்ணாச்சியிடமும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், சபை நடுவில் வைத்து அவரைக் கூசவைக்கக் கூடாது.

திங்கட்கிழமை தனியாகப் போனேன். ஞானப்பூ வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்கிறார். அகத்தி மரங்களில் கொடிகள் ஏறியிருக்க, உள்ளே பகலிலும் பச்சை இருட்டு; காலுக்குக் கீழே ஈரம். வெயிலில் இருந்து உள்ளே நுழைந்ததும் உடம்பு சட்டென்று குளிர்ந்தது. அவர் வெற்றிலை கிள்ளியபடியே பேசினார். பகல் சாப்பாட்டு வேளை ஆனதும் வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார். உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல். மூடியில் எனக்கும் வைத்துக் கொடுத்தார்.

“நான் பிறந்தது உங்க நாட்டுலதான்னு எங்கய்யா சொல்லுவாரு. ரப்பர்த் தோட்டம். அம்மா நான் கைப்பிள்ளையா இருக்கும்போதே செத்துட்டா. குடியுரிமை இல்லாம அங்கன இருக்கக்கூடாதுன்னு சொன்னப்ப நிறைய பேரு கப்பல் ஏறி வந்தாவல்லா, அப்ப எங்கய்யா என்னத் தூக்கிட்டு வந்துட்டாரு. கப்பல்ல வாந்தி எடுத்தது மட்டும் லேசா நெனவு இருக்கு. வேற ஒண்ணும் தெரியாது.”

“வந்த புதுசுல என்ன மொழி பேசினீங்க?”

“நான் பேசுறது யாருக்கும் புரியாதாம். பிள்ளையெல்லாம் சிரிக்குமாம். பெறவு கொஞ்ச காலம் நான் பேசவே இல்லன்னு சொல்லுவாவ. ஊமைன்னு நெனச்சிருக்காவ. அதுக்கப்புறம் தமிழ்தான்.”

அம்மா இல்லாத குழந்தையை அப்பா வேலைக்குப் போகும் நேரத்தில் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அப்பா சொல்லவும் இல்லை.

தூக்குவாளியின் மூடியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கூப்பிடும் குரலில் சொன்னேன். “மாரி மாக்கான் நாசி, சாயாங்.”

அவர் கையிலிருந்த கவளம் வாய்க்குப் போகவில்லை. தலை தானாகக் கொடிக்காலின் வாசல் பக்கம் திரும்பியது. அங்கே யாரும் இல்லை. வெயில் மட்டும் இருந்தது.

“யாரோ என்னக் கூப்பிட்ட மாதிரி இருக்கு,” என்றார்.

“சாப்பிட வா கண்ணுன்னு கூப்பிட்டேன். மலாய்ல. நீங்க நேத்து சபையில சொன்னதுதான் இது. உள்ள வா, தண்ணியில விளையாடாதன்னும் சொன்னீங்க.”

அவர் எழுந்தார். வாய்க்காலில் கையைக் கழுவினார். முகத்தையும் கழுவினார். பிறகு நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார். “அப்ப அது ஆவியானவர் இல்லையா? இத்தன வருசமும் நான் சும்மா உளறினேனா?”

நீதிமன்றத்தில் எனக்குப் பழக்கமான ஓர் எல்லை உண்டு. சாட்சி என்ன சொன்னார் என்று சொல்லலாம். ஏன் சொன்னார் என்று சொல்லக்கூடாது. “உளறல் இல்லம்மா. அது சுத்தமான பேச்சு. சின்ன வயசுல யாரோ ஒரு அம்மா உங்களப் பாசமா வளத்திருக்காங்க, அவங்க பேச்சு. முழங்கால்ல நிக்கும்போது அத உங்க வாயில கொண்டு வந்தது யாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரிப் பேசவும் மாட்டேன்.”

“தண்ணியில விளையாடாதன்னு சொன்னாளா?”

“ஆமா. தோட்டத்துப் பக்கம் ஆறு இருந்திருக்கும்.”

“அவ பேரு என்னவோ,” என்றார். அப்புறம்தான் பெனிட்டாவின் நினைவு அவருக்கு வந்தது. சட்டென்று என்னைப் பார்த்தார். “அந்தப் பிள்ள போகக்கூடாதுன்னு வந்தப்ப எனக்கே தாங்கல. ஆனா ஆண்டவர் சொல்லிட்டாருன்னா நான் என்ன செய்ய? நான் பேசுறது எனக்கே தெரியாதே. நீங்க வெள்ளிக்கிழம சொல்லுங்க. நான் உங்க பக்கத்துலயே நிக்கேன்.”

செவ்வாயும் புதனும் சுற்றிப் பார்ப்பதில் போயின. பாண்டியர் துறைமுகமாக இருந்த கொற்கையில் இப்போது கடல் இல்லை. அது கிழக்கே விலகிப் போய்விட்டது. வயலும் குளமும் பெரிய வன்னிமரம் ஒன்றும் இருந்தன. எத்தனை நாட்டுக் கப்பல்கள் வந்த இடம், எத்தனை மொழிகளுக்கு இங்கே ஆட்கள் பொருள் சொல்லியிருப்பார்கள் என்று நின்று பார்த்தேன். டேனியல் கூட வந்திருந்தான். “எல்லாப் பயலும் விலையத்தான் பேசியிருப்பான்,” என்றான். அவன் இப்போது பழையபடி கேலி செய்யவில்லை. அந்தப் பெண்மணிக்கு எந்த வயதுவரை மலாய் காதில் விழுந்திருக்கும், ஞாபகம் எங்கே தங்கும் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான்.

வியாழக்கிழமை போதகர் ஐசக்கும் நானும் தேவசகாயம் அண்ணாச்சியின் கடைக்குப் போனோம். கடைக்குள் கருப்பட்டியும் அதை அடைக்கும் ஓலைக் கொட்டானுமாக வாசனை கனத்துக் கிடந்தது. சுக்குக் காப்பி வரவழைத்தார். ஈப்போவில் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிய காப்பி குடித்துப் பழகிய நாக்குக்கு அது காரமாக இறங்கியது. நான் சொன்னதையெல்லாம் அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“மாரின்னா வான்னா அர்த்தம்?”

“ஆமா அண்ணாச்சி.”

“ஆயர்னா?”

“தண்ணி.”

அவர் கல்லாப்பெட்டி மேல் விரலால் ஏதோ எழுதினார், அழித்தார். “எனக்கு எல்லாச் சொல்லும் பிடிபடாது தாயி. ஒண்ணு ரெண்டு பிடிபடும். அதக் கேட்டதும் நெஞ்சு அடிக்கும். மிச்சத்த ஆண்டவர் தருவாருன்னு எழுந்து நிப்பேன். நான் யாரையும் ஏமாத்தணும்னு நெனச்சதில்ல.”

“எனக்குத் தெரியும். கேட்டவுடனே தெரிஞ்சிது.”

“ஒண்ணு கேக்கேன். அவ வாயில மலாயா இருந்தது எங்க காதுல தமிழா விழணும்னு ஆண்டவர் வச்சிருக்கக் கூடாதா? அர்த்தம் ரெண்டு இருக்கக் கூடாதா?”

அது நல்ல கேள்வி. போதகர் ஐசக்தான் மெல்லப் பேசினார். “இருக்கலாம் அண்ணாச்சி. ஆனா ஒரு பிள்ளையோட வாழ்க்கைய அதுமேல ஏத்தி வைக்க நமக்குத் தைரியம் இருக்கா?”

நாங்கள் கிளம்பும்போது அண்ணாச்சி ஒரு கொட்டான் கருப்பட்டியை என் கையில் கொடுத்தார். “வெள்ளிக்கிழம நான் வருவேனான்னு தெரியல,” என்றார்.

வந்தார். கடைசி வரிசையில், சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்தார்.

உபவாச ஜெபம் என்பதால் யாரும் காலையிலிருந்து சாப்பிடவில்லை. எனக்குப் பசியில் காது அடைத்தது. போதகர் என்னை முன்னால் அழைத்து இன்னார் என்று சொன்னார். ஞானப்பூ எழுந்து வந்து என் தோளை ஒட்டி நின்றார். சாட்சிக் கூண்டருகே நிற்கும் அதே குரலில் நான் சொன்னேன். இந்த அம்மா பேசியதில் பெரும்பகுதி எனக்கு விளங்காதது. விளங்கிய சொற்கள் மலாய். அவற்றின் பொருள் இவை. ஒவ்வொரு சொல்லையும் முதலில் மலாயில் சொல்லி, பிறகு தமிழில் சொன்னேன். உள்ளே வா. தண்ணீரில் விளையாடாதே. சோறு சாப்பிட வா, கண்ணு. அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை.

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள். ‘தெரியாத மொழியில பேசினது மெய்தானே’ என்று ஒருவர் மகிழ்ச்சியாகச் சொன்னார். ‘சின்னப் பிள்ளையில கேட்டதுதானே, இதுல என்ன அதிசயம்’ என்றார் இன்னொருவர்.

பெனிட்டாவின் அம்மா ரோஸ்மேரி எழுந்து நின்றாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. “சகோதரி சொன்னதுலயும் தண்ணிக்கிட்ட போகாதன்னுதான வருது? எம் பிள்ள கடலத் தாண்டில்லா போகணும். அப்ப அண்ணாச்சி சொன்னதும் இதுவும் ஒண்ணுதான.”

துல்லியமாகச் சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன். பயந்திருக்கும் ஒரு தாயின் காதில் துல்லியமும் பயமாகத்தான் விழுகிறது. மொழிபெயர்ப்பாளருக்கு விவாதிக்க உரிமை இல்லை.

ஞானப்பூ பேசினார். இந்த முறை தமிழில்.

“ரோசு, அது எனக்குச் சொன்னது. உம் மகளுக்குச் சொன்னது இல்ல. என்னப் பாத்துக்கிட்டவ, நான் ஆத்துல விழுந்திரப்படாதுன்னு சொல்லியிருக்கா. பேரு தெரியாத ஒருத்தி எனக்குச் சோறு போட்டிருக்கா. அந்தச் சொல்ல எடுத்து உம் பிள்ளையக் கட்டிப் போடாத. எனக்குப் பாரமா இருக்கு.”

ரோஸ்மேரி நின்றபடியே அழுதாள். அப்போது சுவரோரத்திலிருந்து அண்ணாச்சி எழுந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடவில்லை. திறந்த கண்ணோடு பேசினார். “எங்காதுல விழுந்தத நான் சொன்னேன். விழுந்தது தமிழு. அவ சொன்னது தமிழு இல்ல. அத வச்சு பிள்ளைய நிறுத்தாத தாயி. நான் சொன்னது அதோட நிக்கட்டும், பிள்ள போகட்டும்.” சொல்லிவிட்டு உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

போதகர் ஐசக் நீளமாகப் பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. இனிமேல் யார் அந்நிய பாஷை பேசினாலும் தடுக்கப் போவதில்லை, ஆனால் அர்த்தம் சொல்ல ஆள் இல்லாதபோது தாழ்ந்த குரலில் தனக்கும் கடவுளுக்குமாகப் பேசிக்கொள்ள வேண்டும் என்றார். யாருக்காவது அர்த்தம் கிடைத்தாலும், சபை கூடி நிதானித்துப் பார்க்கும் முன்னால் அதை யாருடைய வீட்டுக் காரியத்துக்கும் முடிவாக எடுக்கக்கூடாது என்றார். “இத நான் முன்னாலயே செஞ்சிருக்கணும்,” என்று சொல்லி, ஒரு பாட்டைத் தொடங்கினார். பாட்டு முடிந்ததும் உபவாசம் முடிக்கக் கஞ்சியும் துவையலும் வந்தன. அண்ணாச்சி கரண்டியை வாங்கி எல்லோருக்கும் ஊற்றினார். பெனிட்டா தட்டோடு வந்தபோது அவள் தலையில் கைவைத்துவிட்டு அடுத்தவருக்கு ஊற்றப் போனார்.

சனிக்கிழமை லீலாவும் ரோஸ்மேரியும் பெனிட்டாவும் வண்ணார்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். நானும் கூடப் போனேன். கம்பளிச் சட்டை கேட்ட இடமெல்லாம் கடைக்காரர்கள் எங்களை இரக்கத்தோடு பார்த்தார்கள். வெயில் அப்படி. ஒரு கடையில் ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு என்று வைத்திருந்ததை மேல்தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்கள். “அங்கன மழ நெறைய பெய்யுமாமே,” என்று ரோஸ்மேரி என்னைக் கேட்டாள். நான் அயர்லாந்துக்குப் போனதில்லை என்றேன். “குடையும் ஒண்ணு வாங்கிருவோம்,” என்றாள். பெனிட்டா குடையை விரித்துப் பார்த்துவிட்டுக் கடைக்குள்ளேயே பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மறுநாள் ஞாயிறு, எனக்குக் கடைசி நாள். மீண்டும் அந்தச் சபைக்குப் போனேன். டேனியலும் வந்தான். சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, ஆண்கள் பக்கம் பாயில் சம்மணம் போடத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தான். நான் ஞானப்பூவை ஒட்டி உட்கார்ந்தேன். இந்த முறை கம்மலைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தேன். யாரும் சொல்லவில்லை, எனக்கே தோன்றியது.

பாட்டு முடிந்தது. எல்லோரும் ஒன்றாக ஜெபித்தார்கள். போன வாரம் போலவே அந்த ஓசை ஏறி, நின்று, மெல்ல இறங்கியது. ஞானப்பூவின் உதடுகள் அசையத் தொடங்கின. குரல் தணிவாகத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்டது. நான் உடம்பெல்லாம் காதாகிக் கேட்டேன். அவரை வளர்த்த அந்த ஆற்றங்கரைப் பெண் இன்னும் ஏதாவது சொல்வாள், ஒரு பெயராவது வரும் என்று ஆசைப்பட்டேன்.

ஒரு சொல்லும் மலாய் இல்லை. தமிழும் இல்லை. அந்த ஒலிகளை நான் இதுவரை எங்கும் கேட்டதில்லை. முன்னால் கேட்ட உருட்டலும் இல்லை. நிறுத்தம் இருந்தது, கேள்விபோல் ஏற்றம் இருந்தது, பதில்போல் இறக்கம் இருந்தது. மூடிய கண்ணோரத்தில் ஈரம். முகம் மட்டும், யாரிடமோ வெகுநாள் கழித்துப் பேசக் கிடைத்தவர் முகம்போல் இருந்தது.

மேடையிலிருந்து போதகர் ஐசக் என்னைப் பார்த்தார். என்ன என்று புருவத்தால் கேட்டார். கடைசி வரிசையிலிருந்து அண்ணாச்சியும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெரியவில்லை என்று தலையசைத்தேன்.

போதகர் தலையை ஆட்டினார். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். யாரும் எழுந்து பொருள் சொல்லவில்லை. ஞானப்பூ தன் பாட்டுக்கு, தனக்கும் கடவுளுக்கும் மட்டும் கேட்கும் குரலில் பேசிக்கொண்டே இருந்தார். அவர் பேசி முடிக்கும்வரை கூடம் காத்திருந்தது.